பதில் வரும்வரை நின்ற வண்டி

மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லோரும் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்பார்கள். அவர் அப்படிச் சொல்லமாட்டார். வில்லியனூர்ப் பக்கம் எந்தக் கல்யாணமாக இருந்தாலும், ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டி முடித்ததும் மைக்கைக் கையில் வாங்கி, "சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அப்படியே நிற்பார். நாற்காலி போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். யாரும் வாய் திறக்கவில்லை என்றால், "ஒங்களத்தான் கேக்கறேன், நீலச் சட்ட. சாப்ட்டீங்களா இல்லியா?" என்பார். நீலச் சட்டைக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு, "இல்லம்மா, இனிமேதான்" என்று சொன்ன பிறகுதான் மைக்கைக் கீழே வைப்பார்.

"அதான் சத்தம் நல்லா வருதே, போதாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சத்தம் வருது சார். காதுல போச்சான்னு யாரு சொல்றது?"

ஊரில் எல்லோருக்கும் அவர் மைக்செட் அக்கா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். நான் கல்லூரியில் ஆங்கில நாடகம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் பேத்தியின் காதுகுத்துக்கு மைக் கட்ட வந்தபோதுதான் பழக்கம். அவர் இப்போது இல்லை. அவரைப் பற்றி யோசித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, அதனால் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் அவரிடம் நான் ஒரு பொய் சொன்னவன். அதையும் எழுதாமல் விட முடியாது.

கேட்டால் பதில் வரவேண்டும். அவரை அறிந்தவர்கள் அவரிடம் கண்ட பெரிய குணம், பெரிய தொல்லை இரண்டும் இதுதான். அவருடைய ஊர் மாதா கோயிலில் நவநாள் வழிபாடு நடக்கும்போது பிரார்த்தனையை அவர் வாசிப்பார். ஒவ்வொரு புனிதர் பெயராக அவர் சொல்ல, ஜனங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லவேண்டும். பாதிப் பெயர் தாண்டினால் ஜனங்களின் குரல் முணுமுணுப்பாகிவிடும், எங்கும் அப்படித்தான். ஒருநாள் "புனித சூசையப்பரே" என்றார். ஏதோ முனகல் வந்தது. அவர் அடுத்த பெயருக்குப் போகவில்லை. புத்தகத்தை மூடி மார்போடு வைத்துக்கொண்டு, "சூசையப்பரு காத்துனு இருக்காரு" என்றார் மைக்கில். பீடத்தில் பங்குச்சாமியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்து வந்த சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன என்று சொல்வார்கள். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவன் அல்ல, இதை நேரில் பார்க்கவும் இல்லை. ஆனால் முழுக்க நம்புகிறேன்.

அந்தக் கோயில் பாட்டுக் குழுவில்தான் கிடார் கற்றுக்கொண்டார். பிறகு ஓட்டலில் வாசித்துவந்த ஒரு குழு கலைந்துபோனபோது அவர்களுடைய சிவப்பு எலெக்ட்ரிக் கிடார் இவரிடம் வந்து சேர்ந்தது. அதை வைத்து அவர் செய்ததுதான் "கண்டம் வண்டி" என்ற மேடை நாடகம்.

ஓடித் தேய்ந்து, இனி ரோட்டில் விடக்கூடாது என்று கழித்துவிட்ட பஸ்ஸை எங்கள் பக்கம் கண்டம் வண்டி என்பார்கள். காலையில் தன்னை உடைக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்ட ஒரு டவுன் பஸ், கடைசி டிரிப்பில் டிரைவரை இறக்கிவிட்டுத் தானாகவே கிளம்புகிறது. ஸ்டாப்பில் எல்லாம் நிற்காது. யாருக்கு எங்கே போகவேண்டுமோ அங்கே, வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் விடும். இவ்வளவுதான் கதை. முழுக்க ராக் பாட்டு, வசனம் பேருக்குத்தான். பஸ்ஸாக நடித்தவர் அவரே. புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, இடுப்பில் மூங்கிலால் கட்டிய பஸ் முகப்பு, அதில் இரண்டு ஃபோகஸ் லைட். கிடாரின் தடித்த கம்பியை அவர் இழுத்தால் குளிர்காலத்து டீசல் என்ஜின் இருமுவது அப்படியே கேட்கும். கல்யாண ஊர்வலங்களில் பேண்டு அடிக்கிற அவர் கணவர் பின்னால் டிரம்ஸோடு உட்கார்ந்து, டயர் வெடிப்பது வரை எல்லாவற்றையும் அடித்துக் காட்டுவார்.

நான் அதை முதலில் பார்த்தது மண்ணாடிப்பட்டில், அறுவடை முடிந்த ஒரு கரும்புக் கொல்லையில். கரும்பு வெட்டிய ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த இரைச்சலுக்குப் பத்து நிமிடம் தாங்கமாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பஸ் மேடையின் விளிம்புக்கு வந்தது. வாத்தியம் எல்லாம் நின்றது.

"எங்க எறங்கணும்?"

கேட்டுவிட்டு அவர் நின்றார். எனக்கு அவருக்காகக் கூச்சமாக இருந்தது, குனிந்துகொண்டேன். அப்போது பின்னால் யாரோ கேலியாக, "செல்லிப்பட்டு!" என்று கத்தினான்.

"செல்லிப்பட்ல யாரு வூடு?"

"எம் மாமியா வூடு!"

"அப்ப ஹாரன் அடிக்காம போவோம்" என்று அதே ராகத்தில் பாடினார். கொல்லையே அதிர்ந்தது. அதற்குப் பிறகு நாலா பக்கமும் ஊர்ப் பெயர்கள் பறந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அந்த இடத்திலேயே கட்டிப் பாடினார். ஒரு அம்மாள் எழுந்து நின்று, "எம்புள்ள பாரிசுல இருக்கறான். அங்க வுடுவியா?" என்றாள்.

"வுடறேன் பெரிம்மா. கடல்ல மேடு பள்ளம் ஜாஸ்தி, கம்பிய கெட்டியா புடிச்சிக்க."

நானும் "வில்லியனூர்" என்று கத்தியிருக்கிறேன். கத்தியது என் தொண்டைதான் என்பது சிறிது கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. நாடகத்தைப் பற்றி முப்பது வருடம் வகுப்பில் பேசிய மனிதன், பார்வையாளனாக வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஜெரோம். என் பழைய மாணவன், டவுனில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தான். பஸ்ஸை உடைக்கிற கடைசிப் பாட்டில் தேம்பி அழுதான். "இத படமா எடுக்கணும் சார். திரைக்கத நீங்க எழுதுங்க" என்றான். நான் ஒப்புக்கொண்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"படத்துல கேள்வி கேட்டா யாரு பதில் சொல்வா? போப்பா" என்று விரட்டிவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் அவருக்குக் குரல் கட்டிக்கொண்டது. கஷாயம், பனங்கற்கண்டு எதற்கும் சரியாகவில்லை. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொண்டையைக் காட்டிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே நேராக என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். தொண்டைக்குள் முடிச்சு, ஆபரேஷன் செய்யவேண்டும், பிறகு பேசலாம், ஆனால் இப்படிக் கத்திப் பாட முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி படத்த எடுத்துடுங்க சார்" என்றார். "எந்தொண்ட நின்னுட்டாலும் வண்டி நிக்கக் கூடாது. ஆனா ஒன்னே ஒன்னு. நா கேக்கறேன் இல்ல, அதுக்கப்பறம் எடம் வுடணும். ஜனங்க பதில் சொல்ல எடம் இருக்கணும். அது இல்லன்னா படமே வேணாம்."

"எவ்ளோ நேரம்க்கா வுடணும்?" என்றான் ஜெரோம்.

"பதில் வர்ற வரைக்கும்."

"சினிமாவுக்கு அது எப்டிக்கா தெரியும்?"

"அதுக்குத்தான் சார் படிச்சிருக்காரே, எழுதுவாரு" என்று என்னைக் கை காட்டினார். நான் எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன்.

படப்பிடிப்பு நடந்த நாட்கள் மாதிரி என் வாழ்க்கையில் நான் சிரித்ததில்லை. மூங்கில் முகப்பு திரைக்கு எடுபடாது என்று, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு நிஜமான கண்டம் வண்டியைப் பிடித்துவந்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, டிராக்டரில் கட்டி இழுத்துச் செல்லிப்பட்டு ரோட்டில் நிறுத்தினோம். கேமராவை வைத்துக்கொண்டிருக்கும்போதே மாட்டுக்குக் கரும்புத் தோகை கட்டிக்கொண்டு போன மூன்று பெண்கள் கட்டுகளோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"யம்மா, இது சினிமா பஸ்சும்மா, எறங்குங்க" என்று ஜெரோம் ஓடினான்.

"சினிமா பஸ்சுன்னா இன்னா, ரோட்ல போவாதா?"

"இஞ்சினே கெடயாதும்மா!"

"நேத்து வந்த பஸ்சுக்கும் இஞ்சின் இல்லாத மாரிதான் இருந்துச்சு. அது வரல?"

அக்கா கிடாரோடு படியில் ஏறினார். "எங்க எறங்கணும்?" என்று கேட்டார், நடிப்புக்காக இல்லை, நிஜமாகவே. மூவரும் தெருப் பெயரோடு சொன்னார்கள். அவர் டிராக்டர்க்காரரைப் பார்த்துக் கையசைக்க, டிராக்டர் கிளம்பியது. ஜெரோம் தலையில் அடித்துக்கொண்டே கேமராவோடு பின்னால் ஓடினான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தோகைக்கட்டு இறங்க, ஒரு பாட்டு. படத்தில் இருப்பதிலேயே சிறந்த காட்சி அதுதான். நான் எழுதாதது.

நான் எழுதிய காட்சிகளில்தான் வண்டி நின்றுவிடும். லென்ஸைப் பார்த்து அவர் கேள்வியைக் கேட்கவேண்டும், உடனே அடுத்த வரியைப் பாடவேண்டும். கேட்பார். பாடமாட்டார்.

"அக்கா, அடுத்த லைன்!"

"இன்னும் யாரும் சொல்லலியே."

எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தோம், நடக்கவில்லை. கடைசியில் நான் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு தடவையும் ஊர்ப் பெயர் சொல்வது என்று முடிவாயிற்று. என் குரலைப் பிறகு எடுத்துவிடலாம். எனக்குப் பதற்றத்தில் "வில்லியனூர்" தவிர வேறு ஊரே வாயில் வரவில்லை.

"எத்தினி வாட்டி சார் வில்லியனூர்லயே எறங்குவீங்க?" என்றார் அவர். "வூட்டுக்காரம்மாவுக்கு பயமா? வேற எங்கனா போங்களேன்."

டிரம்ஸ் அடிக்கிற கணவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் படத்தில் இருக்கிறது, கவனித்துக் கேட்டால் தெரியும்.

இனி அந்தப் பொய். படத்தொகுப்பின்போது, கேள்விகளுக்குப் பின்னால் விட்டிருந்த மௌனங்களை ஜெரோம் எனக்குப் போட்டுக் காட்டினான். சின்ன அறையில், இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பார்த்தபோது அவை தாங்க முடியாத நீளமாக இருந்தன. "சவுண்டு போயிடிச்சின்னு நெனப்பாங்க சார். இன்னா பண்ணலாம்?" என்று கேட்டான். அவன் முடிவை என்னிடம் விட்டான், இதை நான் மறைக்கக்கூடாது. மேடை வேறு, திரை வேறு என்று ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். நான்கு நடிகர்களைப் பேசவைத்து நான்கு ஊர்ப் பெயர்களை அந்த இடங்களில் சேர்த்து, மௌனத்தை எல்லாம் வெட்டச் சொன்னேன். படம் விறுவிறுவென்று ஆகிவிட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அது முகூர்த்த மாதம். அக்காவுக்கு நாளுக்கு ஒரு மண்டபம். போனில்தான் கேட்டார். "எடம் வுட்ருக்கீங்களா சார்?"

"இருக்கும்மா" என்றேன்.

படத்தை முதலில் போட்டுக் காட்டியது பாகூரில், ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல்களைப் பந்தல் துணியால் மூடி, மணமேடையில் வெள்ளைத் திரை கட்டியிருந்தோம். ஒலி அவருடைய மைக்செட். மேடையில் அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் பாதிப் பேர், கேள்விப்பட்டவர்கள் பாதிப் பேர். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். திரையில் பஸ் கிளம்பியது. விசில். பஸ் நின்றது. அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது.

"எங்க எறங்கணும்?"

மண்டபம் மொத்தமும் கத்தியது. கிருமாம்பாக்கம், கரையாம்புத்தூர், சேலியமேடு, எது யார் என்று தெரியாத ஒரு பேரிரைச்சல். திரையில் நடிகர் ஏதோ ஊர் சொல்லி, அக்கா ஏதோ பாடி, பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. யார் காதிலும் விழவில்லை. "யோவ், நா இன்னும் சொல்லி முடிக்கலய்யா, வண்டிய எடுத்துட்டான்!" என்று ஒருவர் எழுந்து நின்றார். "நிறுத்து, நிறுத்து, ஆளு ஏறணும்!" என்று வேறொருவர் சுவரைத் தட்டினார், பஸ்ஸைத் தட்டுகிற மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது படம் தோற்றுக்கொண்டிருக்கிற சிரிப்பு. அக்கா ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி வந்ததும் எழுந்து போய், படம் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பில் ஒரு தட்டு தட்டினார். திரையில் அவர் முகம் வாய் திறந்தபடி நின்றது. அந்த முகத்துக்கு முன்னால் மைக்கோடு ஏறி நின்றார்.

"ஆங். இப்ப சொல்லுங்க. ஒவ்வொர்த்தரா."

கத்திப் பாடினால் தொண்டைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும், ஜெரோமுக்குத் தெரியும், கணவருக்கும் தெரியும். யாரும் தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் முடியாது. கணவர் மைக்செட் வண்டியிலிருந்த டிரம்ஸை ஓடிப்போய் எடுத்துவந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் படம் நின்றது. அவர் பாடினார். ஊரெல்லாம் முடிந்த பிறகு லேப்டாப்பைத் தட்டினார், படம் ஓடியது. ஒன்றரை மணி நேரப் படம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் முடிந்தது. ஜெரோம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்வரிசையில் ஆடினான். பாகூர் ஏரிக்கு நடுவில் இறக்கிவிடச் சொன்ன ஒருவருக்கு "நீச்ச தெரியுமா, டிக்கெட்டோட டியூபு தரவா" என்று அவர் பாடியது இன்றைக்கும் அந்தப் பக்கம் சொல்லிச் சிரிக்கிற வரி.

எல்லோரும் போன பிறகு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த அவரிடம் போனேன். குரல் அப்போதே பாதி போய்விட்டிருந்தது.

"வெட்டச் சொன்னது நான்தாம்மா. ஜெரோம் இல்ல. ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும் சார்."

"எப்டி?"

"போன்ல நா கேட்டு முடிக்கல, அதுக்குள்ள இருக்குன்னீங்க. நெசமா யோசிச்சி சொல்றவங்க கொஞ்சம் லேட்டாதான் சொல்வாங்க."

"அப்பவே கேட்ருக்கலாமே?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும். இந்த வயசுல எதுக்கு ஒங்களுக்கு அவ்ளோ வேல?" சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "அடுத்த வாட்டி நீங்க பாடுங்க. அதோட சரியாப் போச்சு."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் நடந்தது. பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. அதற்குள் ஜெரோம் என் நான்கு நடிகர்களின் ஊர்களைத் தூக்கி எறிந்துவிட்டு, படத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் ஒரு கேள்வியோடு நிற்கும்படி செய்திருந்தான். அப்படி ஒரு படத்தை எந்தத் தியேட்டரிலும் ஓட்ட முடியாது. கூடவே ஒரு ஆள் போகவேண்டும், கேட்டு, பாடி, அடுத்த துண்டை ஓட்டவேண்டும். அந்த ஆள் நான் என்று அக்கா முடிவு செய்துவிட்டார்.

செல்லிப்பட்டில் ஆற்றங்கரைத் திடலில் திரை கட்டினார்கள். அவர் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு ஜனங்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். முதல் துண்டு நின்றது. மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"கோரமேடு" என்றாள் ஒரு பெண். உடனே, "அங்க பஸ்சு நிக்காது சார், சும்மா சொன்னேன்" என்றாள்.

"நிற்கும்" என்று தொடங்கி, கோரைமேட்டின் மேடு பள்ளங்களைப் பற்றி ஏதோ பாட முயன்றேன். ராகம் எங்கேயோ போயிற்று.

"சார், பாடம் நடத்தாத, பாடு!" என்று ஒரு குரல் வந்தது. திடல் சிரித்தது. டிரம்ஸிலிருந்து அக்காவின் கணவர் எனக்கு ஒரு தாளத்தைத் தூக்கிப் போட்டார். நான் அதில் தொங்கிக்கொண்டு கத்தினேன். அது பாட்டா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் தன் வீடு எந்த வேப்பமரத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னாள், பிறகு அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது பார்த்துப் போகச் சொன்னாள், பிறகு பக்கத்து வீட்டுக்காரியையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை வண்டியை நிறுத்திவைத்தேன்.

கடைசித் துண்டு. இதற்குப் பிறகு பஸ்ஸை உடைக்கிற பாட்டு. திரையில் அவர் முகம் கேட்டுவிட்டு நின்றது. ஊர்கள் எல்லாம் வந்து முடிந்தன. நான் லேப்டாப் பக்கம் திரும்பினேன். திரும்பியபோது, கூட்டத்தில் உட்கார்ந்து இருபுறமும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அவர் கண்ணில் பட்டார். எத்தனை வருடங்களாகவோ எல்லோரையும் கேட்டவர். அவரை யாரும் கேட்டதில்லை.

மைக்கை எடுத்தேன். "நீங்க எங்கம்மா எறங்கணும்?"

எல்லாத் தலையும் திரும்பியது. அவர் சிரிப்பு நின்றது. கழுத்துத் துணியைத் தொட்டுப் பார்த்தார். யாரும் அவருக்காக ஊர் சொல்லவில்லை. கணவர் தூக்கிய குச்சிகள் அப்படியே நின்றன. ஆற்றில் தண்ணீர் போகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. நான் காத்திருந்தேன். அது எவ்வளவு நேரம் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

"நா எறங்கல சார்" என்றார் அந்தக் கிழிந்த குரலில். "நீங்க வண்டிய எடுங்க."